சாய்ந்த மரத்தை உடனே அறுக்காதீர்கள்: மலையடிவாரத் தோப்புக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

கடையம், களக்காடு, மணிமுத்தாறு பக்கம் மலையடிவாரத்தில் இரண்டு மூன்று ஏக்கர் வாங்கி, தேக்கும் மகோகனியும் வேம்புமாக வைத்து, மரம் வீட்டுயரம் வந்ததும் இனி கவலையில்லை என்று இருந்துவிட்டு, ஒரு மழைக்காலத்து விடியலில் தோப்புக்குள் போய்த் தலையில் கை வைத்து நிற்கிறீர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நானும் அப்படி நின்றவன்தான். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நெல்லையையும் தூத்துக்குடியையும் மழை புரட்டிப் போட்டதே, காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியதே, அப்போது எங்கள் தோப்பில் பதினொரு தேக்கு கிடந்தது. மறுநாளே மரம் அறுக்கும் மெஷினைக் கூப்பிட்டேன், அதற்கடுத்த நாள் வியாபாரி வந்தார், அப்புறம் வண்டி பாதி வழியில் நின்றது. அந்த மூன்று நாளில் நான் செய்ததில் ஒன்றுகூடச் சரியில்லை. என்ன செய்திருக்க வேண்டும் என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் கம்பி, அடுத்து வேலி

தோப்புக்குள் கால் வைக்கும் முன் மின்கம்பியைப் பாருங்கள். மரம் கம்பிமேல் விழுந்திருந்தாலும், கம்பி ஈரத்தரையில் கிடந்தாலும் கிட்டே போகாதீர்கள். கரண்ட் இல்லை என்று பக்கத்து வீட்டுக்காரர் சத்தியம் செய்தாலும் போகாதீர்கள். மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987, அதில் சொல்லிவிட்டுக் காத்திருங்கள்.

அடுத்து வேலி. புதிதாக வருகிறவர்கள் விழுந்த மரத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள், அது உடைத்துப்போட்ட வேலியைக் கவனிக்க மாட்டார்கள். காட்டை ஒட்டிய தோப்பில் ஒரு தேக்கு சோலார் வேலிமேல் படுத்துவிட்டால் அன்று ராத்திரியே பன்றி உள்ளே வரும், வாழை இருந்தால் யானையும் வரலாம், கடையம் பக்கமானால் கரடிக்கும் கணக்குச் சொல்ல வேண்டும். தேக்கு ஒரு மாதம் கிடந்தாலும் அழுகிப் போகாது. வேலி ஒரு ராத்திரி திறந்து கிடந்தால் அடுத்த வயக்காட்டுக்காரர் ஆறு மாதத்துக்கு முகம் கொடுத்துப் பேச மாட்டார். அன்றைக்கே கொப்பை மட்டும் கழித்துவிட்டு வேலியைத் தூக்கிக் கட்டுங்கள்.

அறுக்கும் முன் வேரைப் பாருங்கள்

கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டியது இதுதான். மரம் ஏன் விழுந்தது என்பது விழுந்த மரத்திலேயே எழுதியிருக்கும், அறுத்து எடுத்துவிட்டால் படிக்க முடியாது. ஒரு நோட்டும் அளவு டேப்பும் போனும் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு மரமாகப் போங்கள். எந்தத் திசையில் தலை கிடக்கிறது, வேரோடு பெயர்ந்ததா, தூரில் முறிந்ததா, நடுவில் ஒடிந்ததா, அடுத்த மரத்தில் சாய்ந்து தொங்குகிறதா என்று எழுதிக்கொள்ளுங்கள்.

வேரோடு பெயர்ந்த மரம் ஒரு பெரிய தட்டை நிமிர்த்தி வைத்ததுபோல் மண்ணோடு எழுந்து நிற்கும். அந்தத் தட்டு எவ்வளவு தடிமன் என்று பாருங்கள். எங்கள் தோப்பில் நாற்பது அடி மரத்துக்கு முழங்கால் உயரம்கூட இல்லை. பெரிய ரகசியம் ஒன்றுமில்லை, முதல் நான்கு வருஷம் சொட்டுநீர்க் குழாயைத் தூரிலேயே போட்டுத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டேன், வேர் கீழே இறங்க வேண்டிய அவசியமே வரவில்லை. மழை மண்ணைக் குழைத்ததும் பிடிப்பு போயிற்று. அன்றைக்குக் காற்று ஒன்றும் பேயாட்டம் ஆடவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஊறிய மண்ணும் ஆழமில்லாத வேரும் சேர்ந்தால் சாதாரணக் காற்றே போதும்.

ஒரு மரத்தின் வேர்த்தட்டைக் கம்பியால் கிளறிப் பார்த்தேன். நடுவே, சரியாக ஒரு நாற்றுப்பையின் அளவுக்கு, வேர்கள் ஒன்றன்மேல் ஒன்று சுருண்டு தேங்காய்நார்க் கயிற்றுப் பந்துபோல் இறுகியிருந்தன. பையில் நாள்பட நின்ற கன்று. நர்சரியில் விலை குறைத்துக் கொடுத்தார்கள், உயரமாக இருக்கிறதே என்று நானும் ஆசையாக வாங்கினேன். பைக்குள் சுற்றப் பழகிய வேர் மண்ணுக்கு வந்த பிறகும் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். பதினொன்றில் ஏழு இப்படி. மிச்ச மரங்களில் எத்தனை இதே கயிற்றுப் பந்தின் மேல் நிற்கின்றன என்று நினைத்தால் இப்போதும் காற்றடிக்கிற ராத்திரியில் தூக்கம் வராது.

தூரில் முறிந்திருந்தால் முறிந்த இடத்தை முகர்ந்து பாருங்கள். காளான் வாடை அடிக்கும், விரலால் குத்தினால் பொதபொதவென்று உள்ளே போகும், அல்லது கறையான் மண் அப்பியிருக்கும். பெரும்பாலும் வரப்பு வெட்டும்போதோ டிராக்டர் ஏர் இடித்தோ பட்ட பழைய காயத்திலிருந்து தொடங்கியதாக இருக்கும். நடுவில் ஒடிந்த மரத்துக்கு வேர் நன்றாகவே இருக்கிறது என்று அர்த்தம். ஒடிந்த இடத்தில் பழைய கொப்பு கழித்த காயமோ, துளைப்பான் புழு போட்ட ஓட்டையோ, இரண்டு கவையும் ஒட்டாமல் நடுவே பட்டை மாட்டிக்கொண்ட இடமோ இருக்கும்.

திசையையும் சும்மா எழுதச் சொல்லவில்லை. நம் பக்கம் ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாகவும் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகவும் மேலக்காற்று விடாமல் அடிக்கும், முப்பந்தலிலும் கயத்தாறிலும் காற்றாலைகளை நட்டு வைத்திருப்பதே அதை நம்பித்தான். மரமும் அந்தக் காற்றுக்குப் பழகி, அதைத் தாங்கும் விதமாக வேரையும் அடிமரத்தையும் தடிப்பாக்கிக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகைப் புயல்காற்று கிழக்கேயிருந்து கொண்டலாகவோ வடக்கேயிருந்து வாடையாகவோ வரும்போதுதான், வருஷம் முழுக்க மேலக்காற்றுக்கு அசையாத மரம் ஏமாந்து விழுகிறது. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் மரத்தின்மேல் விழும் தள்ளு நான்கு மடங்காகும் என்பதையும் நினைவில் வையுங்கள். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி கன்னியாகுமரியை ஒட்டிக் கடந்தபோது அங்கே ரப்பர் விளைகள் சாய்ந்ததும், 2018 நவம்பர் 16 அன்று கஜா வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது தஞ்சை, புதுக்கோட்டைத் தென்னைகள் சாய்ந்ததும் அந்தக் கணக்குத்தான்.

காகிதம்

படம் எடுங்கள், தொடாமல் எடுங்கள். மரமும் நிலத்தின் அடையாளமும் ஒரே படத்தில் வரவேண்டும், சுற்றளவு டேப்போடு தெரியவேண்டும். வி.ஏ.ஓ.விடம் சர்வே எண்ணோடு எழுதிக் கொடுத்து, கொடுத்ததற்கு அத்தாட்சி வாங்கிக்கொள்ளுங்கள். வாழை, தென்னை போன்ற தோட்டப்பயிர் போயிருந்தால் தோட்டக்கலைத் துறைக்கும் அன்றே சொல்லவேண்டும். பேரிடர் நிவாரணம் 33 சதவீதமும் அதற்கு மேலும் சேதமான பயிருக்குத்தான், அதை அவர்கள் வந்து கண்ணால் பார்த்துக் கணக்கெடுக்க வேண்டும். நீங்கள் முந்திக்கொண்டு சுத்தம் செய்துவிட்டால் வந்தவர் எதைப் பார்த்து எழுதுவார்?

இனி, எது உங்கள் மரம்? பட்டா நிலத்தில் நின்றது உங்களுடையது, சரி. ஓடைக்கரையில், சாலையோரத்தில், புறம்போக்கில் நின்றது உங்கள் நிலத்துக்குள் விழுந்தாலும் உங்களுடையதில்லை. புறம்போக்கு மரத்தில் காய் பறித்துக்கொள்ளும் உரிமைக்கு 2சி பட்டா என்று ஒன்று உண்டு, அது இருந்தாலும் மரம் அரசாங்கத்தினுடையதுதான். காப்புக்காட்டிலிருந்து விழுந்த மரமும் அப்படியே, ரேஞ்சருக்குத் தகவல் சொல்லுங்கள், விறகுக்குக்கூட ஒரு கொப்பு எடுக்காதீர்கள்.

சொந்த நிலத்து மரமானாலும் சந்தனம், ஈட்டி இரண்டையும் வனத்துறைக்குச் சொல்லாமல் தொடவே கூடாது, தானாக விழுந்தது என்ற வாதம் எடுபடாது. ஈட்டிக்கென்றே 1994இல் தனிச்சட்டம் போட்டிருந்தார்கள். பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் நிதிநிலை அறிக்கையில் அறிவித்திருக்கிறார்கள். மலையை ஒட்டிய சில கிராமங்கள் 1955ஆம் ஆண்டு மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும், உங்கள் ஊர் அதில் இருக்கிறதா என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். தேக்குத் தடியை வண்டியில் ஏற்ற வனத்துறையின் அனுமதிச்சீட்டு வேண்டும்; பட்டா, அடங்கல் (எந்த நிலத்தில் என்ன நிற்கிறது என்ற கிராமக் கணக்கு), வி.ஏ.ஓ. சான்று கேட்பார்கள். அடங்கலில் உங்கள் தேக்கு ஏறியிருக்கிறதா? ஏறவில்லையென்றால் மரம் நிற்கும்போதே ஏற்றுங்கள். எங்கள் வண்டி பாதி வழியில் நின்றதற்கு இதுதான் காரணம். சீட்டெல்லாம் தான் பார்த்துக்கொள்வதாக வியாபாரி சொன்னார், நானும் நம்பினேன். வண்டியை மடக்கியதும் அவர் போனை எடுக்கவில்லை.

அறுப்பு: இதை நீங்கள் செய்யாதீர்கள்

யூடியூப் பார்த்துவிட்டு மெஷின் வாங்கி இறங்கிவிடலாம் என்று தோன்றும். நின்ற மரத்தை வெட்டுவது ஒரு வேலை, விழுந்து முறுகிக் கிடக்கும் மரத்தை அறுப்பது வேறு வேலை. கிடக்கும் அடிமரம் வளைத்துப் பிடித்த வில் மாதிரி, ஒரு பக்கம் இழுபட்டிருக்கும், எதிர்ப்பக்கம் அழுத்தப்பட்டிருக்கும். அழுத்தப்பட்ட பக்கத்தில் வாளை முழுசாக இறக்கினால் வாள் மாட்டிக்கொள்ளும், இழுபட்ட பக்கத்தில் ஒரேயடியாக இறக்கினால் மரம் பிளந்து சீறிக்கொண்டு வரும். பழக்கமுள்ளவர் முதலில் அழுத்தப்பட்ட பக்கம் லேசாகக் கீறிவிட்டு, அப்புறம் எதிர்ப்பக்கத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக அறுப்பார். அடியில் மாட்டி வளைந்த இளங்கொப்பு அதைவிட மோசம், ஒரு கீறலில் முகத்தில் அறையும்.

எங்கள் தோப்புக்கு மெஷினோடு வந்த அண்ணாச்சிக்கு அறுபது வயதிருக்கும். முதல் மரத்துக்கு முன்னால் நின்று ஐந்து நிமிஷம் ஒன்றும் செய்யவில்லை, பீடி மட்டும் குடித்தார். எனக்கு எரிச்சல், மணிக்கணக்கில் கூலி ஓடுகிறதே என்று. அப்புறம் வேர்த்தட்டுக்குப் பின்பக்கம் நின்றிருந்த என்னைப் பார்த்து, “தம்பி, அங்கன நிக்காதிய, அறுத்தா அது எந்திரிக்கும்” என்றார். நான் இந்தப் பக்கம் வந்து நின்றேன். அடிமரத்தைத் தூரிலிருந்து நான்கடி தள்ளி அறுத்ததும், அதுவரை படுத்துக்கிடந்த அந்த நான்கடிக் கட்டை, வேரோடும் மண்ணோடும் தடாலென்று நிமிர்ந்து, தான் பெயர்ந்து வந்த குழியிலேயே போய் உட்கார்ந்தது. நான் நின்றிருந்த இடம் அந்தக் குழிக்குள்தான். அதன்பிறகு அவர் பீடி குடித்தால் நான் கடிகாரம் பார்ப்பதில்லை.

அடுத்த மரத்தில் சாய்ந்து தொங்கும் மரத்தின் அடியில் ஆடு கட்டக்கூட விடாதீர்கள். தாங்கி நிற்கும் மரத்தை அறுத்தால் தொங்குவது தானாக வந்துவிடும் என்று யாராவது யோசனை சொன்னால் அவரை அனுப்பிவிடுங்கள். தூரத்திலிருந்து கயிறோ சங்கிலியோ போட்டு வண்டியால் இழுத்துத்தான் இறக்கவேண்டும். மண் ஈரமாக இருக்கும்வரை அந்த வண்டியும் உள்ளே வரக்கூடாது. ஈரத்தில் ஏறிய ஜே.சி.பி. நசுக்கிய மண்ணில் மிச்ச மரத்தின் வேர் மூச்சுத் திணறும், ஐந்து வருஷம் கழித்து அதுவும் விழும். 2005 ஜனவரியில் ஸ்வீடனில் குட்ரூன் என்ற புயல் சுமார் 7.5 கோடி கனமீட்டர் மரத்தைச் சாய்த்தபோது, காற்றில் பிழைத்தவர்களில் சிலர் அந்த மரங்களை அகற்றும் வேலையில் செத்தார்கள். காட்டுவேலையில் ஊறிய நாட்டிலேயே அந்தக் கதி.

எதை முதலில் எடுப்பது, எதைப் போட்டு வைப்பது

புயலுக்குப் பிறகு எல்லாருடைய மரமும் ஒரே நேரத்தில் சந்தைக்கு வரும், விலை இறங்கும், வியாபாரி உங்கள் முகத்தைப் பார்த்தே விலை சொல்வார். அதனால் அழுகுகிறதை முதலில் விற்று, தாங்குகிறதை வைத்திருங்கள். மா, பெருமரம், இலவம், ரப்பர் மாதிரி வெளுத்த மரங்கள் சில வாரங்களிலேயே நீலம்பாயும், வண்டு துளைக்கும், உளுத்துக் கொட்டும். வைரம் பாய்ந்த தேக்கு அவசரப்படாது, வைரத்தைச் சுற்றியுள்ள வெள்ளை மட்டும் கொஞ்சம் போகும், அவ்வளவுதான். இளம் தேக்கில் பாதிக்குமேல் வெள்ளையாகவே இருக்கும், அதை வைரத்தேக்கு விலைக்குக் கேட்டால் சிரிப்பார்கள். தடியைத் தரையில் போடாமல் குறுக்குக்கட்டைமேல், நிழலில் அடுக்குங்கள், இரண்டு முனையிலும் பெயிண்ட் அடித்தால் வெடிப்பு குறையும். குளத்தில் தண்ணீருக்குள் ஊறப்போடும் பழைய வழக்கமும் நல்லதே, முழுக்க நனைந்த மரத்தில் பூஞ்சைக்கு மூச்சில்லை. ஸ்வீடன்காரர்களும் அந்தப் புயலுக்குப் பிறகு பழைய விமானத் தளத்தில் தடிகளை மலைமாதிரி அடுக்கி, தண்ணீர் தெளித்துத்தான் காப்பாற்றினார்கள்.

விற்கும்போது அளவை நீங்களும் எடுங்கள். வழக்கமான கணக்கு இது: தடியின் நடுவில் சுற்றளவை அங்குலத்தில் எடுத்து, நாலால் வகுத்து, அதை அதாலேயே பெருக்கி, 144ஆல் வகுத்து, நீளத்தின் அடியால் பெருக்கினால் கன அடி. சுற்றளவு 48 அங்குலம், நீளம் 10 அடி என்றால் 10 கன அடி வரும். உண்மையில் அந்தத் தடியில் இருக்கும் மரம் ஏறக்குறைய 12.7 கன அடி. கால் சுற்றளவுக் கணக்கில் ஐந்தில் ஒரு பங்குக்குமேல் அறுப்புக் கழிவாகக் கழிந்துவிடுகிறது. ஊர் வழக்கம் என்பதால் அதில் சண்டை போட முடியாது. நடுவில் எடுக்க வேண்டிய சுற்றளவைச் சிறுத்த முனையில் எடுத்துவிட்டு, பட்டைக்கென்று வேறு கழித்தால் அப்போது சண்டை போடுங்கள். என்னிடம் இரண்டும் நடந்தது.

நட வேண்டாம், கொஞ்சம் பொறுங்கள்

வெறித்துக் கிடக்கும் இடத்தைப் பார்த்தால் உடனே கன்று வாங்கத் தோன்றும். ஒடிந்த தேக்கைத் தரைமட்டத்துக்குச் சீராக அறுத்துவிட்டால் அடுத்த மழைக்குள் தூரிலிருந்து கொத்தாகத் துளிர் வரும், நல்ல ஒன்றை விட்டு மற்றதைக் கிள்ளிவிடுங்கள். பழைய வேர் இருப்பதால் புதுக்கன்று அதைத் துரத்திப் பிடிக்க முடியாது. வேம்பு, பூவரசும் துளிர்க்கும். நாட்டுச் சவுக்கை அப்படி நம்ப வேண்டாம். இரண்டு மூன்று வயதுக் கன்று சாய்ந்திருந்து வேர் அறுபடாமல் இருந்தால், மண் ஈரம் காய்வதற்குள் தலையைக் கொஞ்சம் கழித்து மெல்ல நிமிர்த்தி முட்டுக் கொடுங்கள். பெரிய மரத்தை நிமிர்த்துவது வீண் செலவு. அதற்கிடையில் வெயில் விழுந்த இடத்தில் உண்ணிச்செடி ஏறும், அதை மட்டும் விடாமல் பிடுங்குங்கள்.

மிச்சம் நிற்கும் மரங்களில் யார் ஆபத்து என்று பார்க்க ஒரு சின்னக் கணக்கு. நெஞ்சுயரத்தில் சுற்றளவு 20 அங்குலம் என்றால் குறுக்களவு 6.4 அங்குலம், உயரம் 50 அடி, அதாவது 600 அங்குலம். உயரத்தைக் குறுக்களவால் வகுத்தால் ஏறக்குறைய 94. இது 80க்குக் கீழே இருந்தால் மரம் உயரத்துக்கேற்ற தடிப்போடு இருக்கிறது, 100ஐ நெருங்கினால் கொக்கு மாதிரி நிற்கிறது. குளிர்நாட்டு ஊசியிலை மரங்களுக்குப் போட்ட கணக்கு, நம் தேக்குக்கு அப்படியே பொருந்தாது, ஆனால் உங்கள் தோப்புக்குள்ளேயே ஒரு மரத்தோடு இன்னொன்றை ஒப்பிட உதவும். நெருக்கமாக நட்டுவிட்டு ஊடுமரம் கழிக்காமல் விட்டதன் விளைவுதான் இந்தக் கொக்குகள். அதற்காக ஒரே வருஷத்தில் பாதியைக் கழித்துவிடாதீர்கள், அக்கம்பக்கத்தில் ஒன்றையொன்று தாங்கி நின்றவை தனியாக நின்றதும் அடுத்த காற்றில் போகும். தை, மாசியில், கொஞ்சம் கொஞ்சமாக, இரண்டு மூன்று தவணையில் கழியுங்கள். மேற்கு வரப்பில் புங்கம், வேம்பு, பனை என்று கலந்து ஒரு வரிசை வையுங்கள், சுவர்மாதிரி அடைத்துவிடாமல். பாதிக் காற்றை உள்ளே விடும் வரிசைதான் நல்லது, அதன் உயரத்தைப்போல் பத்து மடங்கு தூரம்வரை காற்று தணியும். அடைத்து வைத்தால் காற்று மேலே ஏறிக் குதித்து உள்ளே சுழன்றடிக்கும்.

களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் விழுந்த மரங்களைப் பாதையை மறித்தால் தவிர எடுக்க மாட்டார்கள். இவ்வளவு மரம் வீணாகிறதே என்று நம் ஊரில் புலம்பாதவர் இல்லை. மேலே மழைக்காட்டில் ஒரு வெடிப்பலா விழுந்தால் அந்தத் திறப்பில் வெயில் இறங்கி, வருஷக்கணக்காக நிழலில் ஒடுங்கி நின்ற கன்றுகள் எழும்; பொந்துள்ள முதுமரத்தில் இருவாச்சி குஞ்சு பொரிக்கும், விழுந்த கட்டை மக்கி மண்ணாகும். தோப்பு காடாகாது, ஆனால் விலைபோகாத ஒன்றிரண்டு கட்டையை மூலையில் போட்டு வையுங்கள். எங்கள் மூலைக்கட்டைக்கு ஒரு மரங்கொத்தி தினமும் ஆபீஸ் போவதுபோல் வருகிறது. பக்கத்துத் தோட்டத்துப் பெரியப்பா மட்டும் வாரம் ஒருமுறை அதை விறகுக்குக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

கடைசியாக ஒரு வேலை, அடுத்த ஆனி, ஆடிச் சாரலில் செய்ய வேண்டியது. காற்று நன்றாக அடிக்கும்போது, மரத்தடிக்குப் போகாமல், பத்திருபதடி தள்ளிக் குத்தவைத்து உட்கார்ந்து தூரைப் பாருங்கள், தலையைப் பார்க்காதீர்கள். சில மரங்களின் தூரைச் சுற்றி மண்ணில் பிறைபோல ஒரு வெடிப்பு இருக்கும். காற்று தள்ளும்போது விரல் நுழைகிற அளவு திறந்து, காற்று விட்டதும் மூடிக்கொள்ளும், மண் மூச்சு விடுவதுபோல. காற்று அடங்கியதும் போய் அந்த மரங்களுக்குச் சுண்ணாம்பால் ஒரு கோடு போடுங்கள், வி.ஏ.ஓ.விடம் அடங்கல் வாங்குங்கள், வனத்துறைச் சீட்டுக்கு எழுதிக் கொடுங்கள், புரட்டாசி முடிவதற்குள் அண்ணாச்சியைக் கூப்பிட்டு அவற்றை இறக்கிவிடுங்கள். ஐப்பசி பிறந்துவிட்டால் அவர் கிடைக்க மாட்டார்.